பதினெட்டாம் மாதம்

பாசலில் விடிந்ததிலிருந்து மழை.
எட்டாம் இலக்க டிராம் பாலத்தில் படுத்துவிட்டது,
நடந்தே வந்தேன், சப்பாத்துக்குள் ரைன் நதி.

இரும்புக் கதவைத் திறந்தால்
இருபத்தைந்து பாகை. நாற்பது வீத ஈரப்பதம்.
வெளியே மழையோ பனியோ
இந்த அறைக்குள் ஒரே நாள்தான்,
ஐநூற்று நாற்பத்தேழு தடவை எண்ணப்பட்ட ஒரே நாள்.

தட்டில் கண்சொட்டு மருந்து, ஐந்து மில்லி.
முத்திரை முறியவில்லை.
எவர் கண்ணிலும் ஒரு துளி விழவில்லை.
ஆனாலும் குறைந்திருக்கிறது.

"தொண்ணூற்றாறு புள்ளி ஒன்று" என்கிறான் பெயாட் சும்ஸ்டெக்.
"எல்லை தொண்ணூற்றைந்து. தப்பியது. காப்பி?"

கையெழுத்துத்தான் பாக்கி.
தராசு பக்கத்தில் இருந்தது,
சும்மாதான் ஏற்றினேன் ஒரு குப்பியை.
0.21 கிராம் இளைத்திருந்தது.
அடுத்ததும்.
அதற்கடுத்ததும்.

தண்ணீர் போயிருக்கிறது.
நாம் சுவர் என்று நம்பும் பிளாஸ்டிக்கின் ஊடாக
அவசரமே இல்லாமல், ஒன்றரை வருடமாய்
நடந்து போயிருக்கிறது.

மருந்தும் போயிருக்கிறது.
இரண்டு கள்ளரும் ஒருவரையொருவர்
காட்டிக்கொடுக்காததால்
விகிதம் நல்ல பிள்ளையாய்க் கைகட்டி நின்று
தொண்ணூற்றாறு என்கிறது.
பெருக்கிப் பார்த்தேன்: தொண்ணூற்றிரண்டு.

பெயாட் ஒன்றும் கதைக்கவில்லை.
கத்தரிக்கோலை எடுத்து வந்தான்.

வெட்டிய குப்பிகளை மெத்தனாலில் ஊறவிட்டோம், இரவு முழுக்க.
காலையில் சுவர் கக்கியது:
நான்கு புள்ளி நான்கு.
குடியேறிய இடத்தில்
பேசாமல் இருந்திருக்கிறது மருந்து.

வரைபடத்தில், பதினோராம் நிமிடத்துக்குச் சற்றுப் பிறகு,
முன்பு தட்டையாய்க் கிடந்த இடத்தில்
எறும்புப் புற்றளவு ஒரு மேடு.
தண்ணீர் கடித்துப் பிளந்த துண்டு.
தன்னைக் கரைத்து வைத்திருந்த
அதே தண்ணீர்.
இரண்டு புள்ளி ஒன்பது.

கூட்டினோம். திரும்பவும் கூட்டினோம்.
புள்ளி ஆறு மிஞ்சுகிறது.
எங்கே போனதென்று
மூடியைக் கேட்டோம், லேபிள் பசையைக் கேட்டோம்.
"அளவீட்டுப் பிழை" என்று எழுதலாம் என்றான் பெயாட்.
எழுதலாம்தான்.
படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது.

நான் "தெரியவில்லை" என்று எழுதினேன்.
கட்டத்துக்குள் அடங்காமல்
கடைசி எழுத்து வெளியே நின்றது.

நேற்றைய காப்பி
மேசையில் அப்படியே இருந்தது,
விளிம்பிலிருந்து ஒரு விரல் இறங்கி,
பழைய உயரத்தில் ஒரு பழுப்பு வளையத்தை விட்டுவிட்டு.
கோப்பையைத் தூக்கித் தராசில் வைக்கப் போனேன்.
பெயாட் பறித்துக்கொண்டான்.