நாலு வினாடிக்கு ஒன்று

லாரன்ஸ் ரோட்டு ஜவுளிக்கடை,
மூன்றாவது மாடி, கோடவுனை ஒட்டிய அறை.
பொங்கலுக்கு ‘மழலை முகம்’ போட்டி.
நூற்றெட்டுக் குழந்தைகள்,
முதல் பரிசு நாலு கிராம் தங்கக்காசு.
ஒரு கைபேசிக்கு ஒரு ஓட்டு, அதற்கு ஓர் ஓடிபி.
கள்ள ஓட்டைப் பொறுக்குவது என் வேலை.
அரிசியில் கல் பொறுக்குற மாதிரிதாம்மா என்றார்
மேனேஜர் கலியபெருமாள்.
அவர் வீட்டில் அரிசியை யார் பொறுக்குகிறார்களோ.

எண் பதினேழு, இதழினி, செம்மண்டலம்.
தொட்டிலில் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.
ராத்திரி இரண்டு மணிவரை இருநூற்றுப் பத்து.
விடியும்போது மூவாயிரத்துப் பத்து.
ஒவ்வொன்றும் வேறு எண், வேறு கைபேசி,
ஓடிபி ஒன்றுகூடப் பிசகவில்லை.
மென்பொருள் அத்தனைக்கும்
பச்சை டிக் அடித்திருந்தது.

நான் நேரத்தைப் பார்த்தேன்.
2.00.04
2.00.08
2.00.12
இரண்டாயிரத்து எண்ணூறு பேர்
நாலு வினாடிக்கு ஒருவராக,
முன்னால் நிற்பவர் காலை மிதிக்காமல்,
கொட்டாவி விடாமல்,
‘கொஞ்சம் இடத்தைப் பாத்துக்க, வந்துடறேன்’ என்று
யாரும் யாரிடமும் சொல்லாமல்.
5.06.40க்குக் கடைசி ஆள்.
ரேஷன் கடையில் ஒருநாள் நின்ற எவரும்
இந்த வரிசையை நம்பமாட்டார்கள்.

அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன்.
மறுக்கவேயில்லை.
“ஓட்டு அம்பது காசு மேடம்.
ஐயாயிரமா எடுத்தா டிஸ்கவுன்ட் உண்டு,
நான் கொஞ்சமாத்தான் வாங்கினேன்.
பில் இருக்கு, அனுப்பட்டுங்களா?”

வெட்டினேன்.
நாக்கை நீட்டியபடியே
இருநூற்றுப் பத்துக்கு இறங்கினாள் இதழினி.

மென்பொருள் சிவப்புக் கோடு போட்டது
வேறொரு இடத்தில்.
எண் அறுபத்து மூன்று, சர்வேஷ், சோத்திக்குப்பம்.
நாற்பத்தொரு எண்கள், ஒரே கைபேசி.
விதிப்படி ஒன்றை வைத்து நாற்பதை நீக்கவேண்டும்.

இங்கேயும் நேரத்தைப் பார்த்தேன்.
முதலுக்கும் இரண்டாவதுக்கும் மூன்று நிமிடம்.
அடுத்தது ஐம்பது வினாடியில்; பக்கத்து வீடாக இருக்கும்.
அப்புறம் பதினொரு நிமிடம்.
ஒருவருக்கு ஓடிபி மூன்று முறை தப்பு.
பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில்
இரண்டு மணி பத்து நிமிடம்,
ஒன்றுமேயில்லை.

சிலருக்குப் பேசினேன்.
தேசிங்கு சொன்னார்:
“நம்முது பட்டன் போனுங்க.
அந்தப் பொண்ணு வந்து நம்பரப் படிச்சிட்டுப் போச்சு.”
அம்சாயாள் சொன்னாள்:
“ஆறா ஒம்பதான்னு தெரியல தாயி,
கண்ணாடி ஒடஞ்சி கெடக்கு.”
பூங்காவனத்துக்கு ஒரே கேள்விதான்:
“ஓட்டுன்னா, என்னா குடுப்பீங்க?”
கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.
அந்தச் சிரிப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
எக்செல்லில் இல்லை.

“மூணாம் பரிசுக்கே அறுநூறு வேணும்,
நாப்பத்தொண்ணு இருந்தா என்ன, போனா என்ன,
வெட்டும்மா” என்றார் கலியபெருமாள்.
நியாயம்தான்.
விதியும் அதைத்தான் சொல்கிறது.
ஒரு விரலுக்கு ஒரு மை என்பதுபோல
ஒரு கைபேசிக்கு ஒரு ஓட்டு என்று
நாங்கள்தான் எழுதினோம்,
ஏசி அறையில் உட்கார்ந்து,
ஆளுக்கு இரண்டு கைபேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு.

கடைசியாக அந்த ஒரே கைபேசிக்கே அடித்தேன்.
சுகப்பிரியா எடுத்தாள், பின்னால் காற்று.
“எல்லாம் நாந்தான் போட்டேன், அவங்களக் கேட்டுக்கிட்டு.
பதினெட்டு வூடு முடிச்சேனா, புள்ள அழுதான்.
பால் குடுத்துக்கிட்டே நானும் தூங்கிட்டேன்.
அப்புறம் மிச்ச வூட்டுக்குப் போனேன்.
தப்புங்களா?”

நீக்கியதற்கான காரணம் என்ற கட்டத்தில்
இன்னும் எதுவும் எழுதவில்லை.
கர்சர் மட்டும் மினுக்குகிறது,
வினாடிக்கு ஒருதரம்,
பிசகாமல்.