மைனஸ் எண்பது

வைகாசி முதல் நாள். வேலூரில் நாற்பத்திரண்டு டிகிரி.
கையில் இரட்டை உறை, வியர்வையைத் துடைக்கக் கூடாது.
தேசிங்குவின் மூளையிலிருந்து
கடலைப்பருப்பளவு எடுத்து
ஐஸில் வைத்து அரைக்கிறேன்.

உடம்பு விடியும் முன்பே குடியாத்தம் போய்விட்டது.
அங்கே இன்று சிரசுத் திருவிழா.
தரணம்பேட்டையில் ஆம்புலன்ஸ் ஒன்றரை மணி நேரம் நின்றதாம்,
அம்மனின் தலை கூட்டத்தில் மிதந்து கடக்கும்வரை.
தங்கை பூங்காவனம் போனில் சொன்னாள்:
"அம்மனுக்குச் சிரசு போய் உடம்போட பொருந்திடும் மேடம்."
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.
நானும்.

கைலி கம்பெனியில் அவனுக்கு மடிப்பு வேலை.
நாளைக்கு நானூறு உருப்படி, ஓரத்துக்கு ஓரம்.
முதலில் போனது தூக்கம்.
ஏழு மாதம். கண் திறந்தபடியே கனவு கண்டான்,
கைகள் இரண்டும் காற்றில்
இல்லாத கைலியை மடித்துக்கொண்டிருந்தன.
கேஸ் ஷீட்டில் இதற்கொரு நீளமான பெயர் உண்டு.
பூங்காவனம் 'ஓவர்டைம்' என்றாள்.

எல்லார் தலையிலும் உள்ள புரதம்தான்.
என் தலையிலும் சுருண்டு மடிந்து
தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
இவர்கள் வீட்டில் மட்டும் ஓர் எழுத்துப் பிழை:
அப்பாவுக்கு, பெரியத்தைக்கு, இவனுக்கு.
நாற்பதை ஒட்டி ஒன்று தப்பாய் மடியும்,
பக்கத்தில் இருப்பதைத் தொட்டுத் தன்னைப் போலவே மடிக்கும்.
மடிவது என்றால் மடங்குவது.
மடிவது என்றால் சாவதும்தான்.
இந்த வேலைக்கு வரும்வரை
இரண்டையும் சேர்த்து நான் யோசித்ததில்லை.

நொதியை விடுகிறேன். கத்தரி அது.
ஒழுங்காய் மடிந்ததையெல்லாம் நறுக்கித் தள்ளும்.
தப்பாய் மடிந்தது மட்டும் வெட்டுப்படாமல் நிற்கும்.
இதில் நியாயம் தேடக் கூடாது.

ஜெல் ஓடும்போது கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பிடிக்கப் பதினோரு விநாடி, எண்ணினேன்.
இரவு பிலிமில் மூன்று கோடுகள்,
பாதி அழிந்த விபூதிப் பட்டை மாதிரி.
அடிக்கோடு பத்தொன்பதில்.
பக்கத்து வரிசை வேறு நோயில் இறந்தவருடையது.
அங்கே வெறும் பிலிம்.

ஒன்பதாம் நாள் வந்தாள். காட்டக் கூடாது, காட்டினேன்.
"இவ்ளோதானா?"
தன் ரத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
அது எண் 27, யாரும் பரிசோதிக்காமல் உள்ளே இருக்கிறது,
அவள் வாய் திறக்கும்வரை இருக்கும்.
"அண்ணன் எங்க?" என்றாள்.

ஃப்ரீசரில் சிவப்பு எழுத்தில் மைனஸ் எண்பது.
கதவில் உள்ளங்கையை வைத்தாள்.
வெளிப்பக்கம் சூடாகத்தான் இருக்கும்.
"இங்கயாவது தூங்குறானா?"

ஆமாம் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை.
சொன்னேன்.

ஐந்து நாற்பதுக்குப் பஸ் என்று எழுந்தவள்
வெளியறை நாற்காலியில் கசங்கிக் கிடந்த என் துப்பட்டாவை
உதறி, ஓரத்துக்கு ஓரம் வைத்து,
நாலாய் மடித்துவிட்டுப் போனாள்.