பதினொன்று புள்ளி எட்டு

டிசம்பர் மாத ஹாமர்ஃபெஸ்டில் காலை என்பது
கடிகாரம் சொன்னால் நம்ப வேண்டிய ஒன்று.
ஆறு மணிக்கு ஒட்வாரின் இடது சுட்டுவிரல்;
ஊசி, ஒரு பொட்டு ரத்தம்,
ஐந்து நொடி யோசிக்கும் கருவி.
பதினான்கு புள்ளி இரண்டு.
எழுதிக்கொள்கிறேன்.

காட் மீன் வலையை இழுக்கையில்
வலது கை தானாகக் கயிற்றை விட்டதாம்.
"பேர் என்னன்னு கேட்டேன்,
வாயில் தண்ணீர் புகுந்தவன் மாதிரி ஏதோ சொன்னான்"
என்றான் கூடப் போனவன்.
படகு கரை சேர நாலு மணி நேரம்.
அதற்குள் மூளைக்குள் ஒரு தெரு இருண்டுவிட்டது.
அடுத்த தெருவில் விளக்குகள்
மினுக் மினுக்கென்று இன்னும்,
அணைவதா எரிவதா என்று.
நாங்கள் காவல் காப்பது அந்தத் தெருவை.

யூருன் கோட்டைக் கழற்றாமலே கேட்டாள்:
"காப்பிக்குக்கூடச் சர்க்கரை போடமாட்டார்,
இவருக்கு எங்கிருந்து?"
மூன்று மாதத்துக் கணக்கைச் சொல்லும் பரிசோதனை
சுத்தமாகத்தான் வந்திருந்தது.
பயத்திலும் சர்க்கரை ஊறும் என்றேன்.
எங்கோ தீ என்று கேட்டதும்
ஈரல் தன் களஞ்சியத்தை அடியோடு திறந்து
வாரி வாரி இறைக்கிறது.
உதவுவதாகத்தான் நினைப்பு, பாவம்.
எரிகிற இடத்துக்கு அதுவே எண்ணெய்.

இறக்குங்கள், ஆனால் விரட்டாதீர்கள்
என்றிருந்தார் டாக்டர் சுன்னிவா.
இரண்டாம் இரவு
இன்சுலின் கொஞ்சம் முந்திக்கொண்டது.
மூன்று புள்ளி ஒன்று.
தலையணை நனைய வியர்த்துக் கிடந்தார்.
குளுக்கோஸ் ஏற்றும்போது என் கை நடுங்கியதை எழுத
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

"எண் இறங்கினால் பேச்சு வந்துவிடுமா?"
எண் ஏறி நின்றவர்கள்
எழுந்து நடக்க நாளாகிறது,
சிலர் எழுவதே இல்லை; அது தெரியும்.
நாங்கள் மல்லுக்கட்டி இறக்கியதால்தான்
எழுந்தார்களா, அது தெரியாது.
இரண்டையும் ஒரே குரலில் சொல்லப் பழக
எனக்குப் பதினேழு வருடம் ஆயிற்று.
யூருன் தலையாட்டினாள்.
ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டி
முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

ஆறாம் நாள்.
இடது கை விரல் ஐந்தும் சல்லடை.
போர்வைமேல் யாரோ மறந்து வைத்துப் போனது போல
வலது கை.
அதற்குத்தான் உணர்வில்லையே,
அங்கே குத்துவது இரக்கம் என்று நினைத்தேன்.
மோதிர விரல். மோதிரம் யூருனின் கைப்பையில்.
அழுத்தினேன்.

ஒரு கெட்ட வார்த்தை.
முழுசாக, எழுத்துப் பிசகாமல்,
இந்தக் கடலோரத்தில் குதிரையை வைத்துச் சொல்வார்களே
அதே வார்த்தை.
ஆறு நாளாக "ஆ", "ங்" தவிர
வேறெதுவும் வராத வாயிலிருந்து.

கருவி யோசித்து முடித்தது:
பதினொன்று புள்ளி எட்டு.
அதிகம்தான். இன்னும் அதிகம்தான்.
எழுதினேன். பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே,
சின்னதாக: வலது கையில் வலி உண்டு.

யூருன் எழுந்து வந்திருந்தாள்.
கன்னம் நனைந்திருந்தது, உதடு சிரித்தது.
"இன்னொரு தரம் குத்துங்களேன்" என்றாள்.

ஏழு மணிக்குத்தான் அடுத்தது, என்றேன்.
அவள் நாற்காலியை
வலது பக்கத்துக்கு மாற்றிப் போட்டாள்.