பெரட்டு

கொட்டகலை. இரவு பதினொன்றரை.
நைட் டேட்டா பன்னிரண்டுக்குத்தான் திறக்கும்.
அதுவரைக்கும் யாமல் கோப்பில் நிரை பிடிக்கிறேன்:
படிக்குப் படி இரண்டு இடைவெளி,
நடுவில் ஒரு டேப் விழுந்தால்
மலை முழுக்கப் பிழை.

லெப்டொப் பழசு.
ஹட்டனில் தவணைக்கு எடுத்தது, நாலு மாதம் பாக்கி.
எட்டு ஜிபி. பட்டரி செத்துவிட்டது.
வயரை ஒரு பக்கமாய் வளைத்து
மேலே சீனி டின்னை வைத்தால்தான் கரண்ட் ஏறும்.

நேர்முகத்தில் கேட்டார்கள்:
கிளஸ்டர் ஓட்டிய அனுபவம் உண்டா?
உண்டு என்றேன்.
செவ்வாய்க்கிழமை சொன்ன பொய். இன்று வியாழன்.
திங்கட்கிழமைக்குள் அதை உண்மையாக்க வேண்டும்.

பன்னிரண்டு.
இமேஜ் இறங்கத் தொடங்குகிறது.
மூன்று எம்பி. ஏழு எம்பி.
பக்கத்துக் காம்பராவில் ஜெபநேசன் இருமுகிறான்.
பதினொரு எம்பி.
எட்டாம் நம்பர் மலையிலிருந்து மிஸ்ட் இறங்கி
எங்கள் பைப்படிக்கு வந்துவிட்டது,
இமேஜ் இன்னும் பாதி வழியில்.

இரண்டு மணிக்கு நோட் 'ரெடி' என்றது.
ஒரேயொரு நோட்.
தொரையும் அதுதான், கணக்கப்பிள்ளையும் அதுதான்,
கூடையைத் தூக்குவதும் அதுதான்.
சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்,
நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது.

மூன்று பேர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.
எங்கள் பக்கம் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்,
கொழுந்து குறைந்தால் அரைப் பேர்.
இங்கே அரை கிடையாது.
இரண்டு ஓடின.
மூன்றாவது பெண்டிங்.
ஏன் என்று கேட்டேன்: மெமரி போதாது.
இடமில்லை என்பதை
இத்தனை நேராக எனக்கு யாரும் சொன்னதில்லை.

திறந்து கிடந்த இருபது ஜன்னலையும் மூடினேன்.
மூன்றாவதும் எழும்பியது.
அதன் பிறகு பத்து வினாடிக்கு ஒருமுறை பெரட்டு:
இருக்கிறாயா?
இருக்கிறேன்.
இருக்கிறாயா?

ஒன்றைக் கொன்று பார், அப்போதுதான் விளங்கும் என்கிறது பாடம்.
பெயருக்குப் பின்னால் ஐந்து எழுத்து வால்,
அதைப் பிரதி எடுத்து டிலீட் என்று எழுதி
என்டரின் மேல் விரலை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
முப்பது வினாடி அவகாசம்.
அது போய் முடியுமுன்பே
வேறு வாலோடு ஒன்று வந்து நின்றது.
செக்ரோலில் மூன்று. எப்போதும் மூன்று.
திங்கட்கிழமை இதை வியந்து சொல்ல வேண்டும்.
சொல்வேன்.
அம்மாவின் இலக்கம் நானூற்றுப் பன்னிரண்டு,
ஓய்வு எடுத்த அடுத்த வாரமே
அது யாருக்கோ போனதைச் சொல்ல மாட்டேன்.

லோக்கல்ஹோஸ்ட், எட்டாயிரத்து எண்பது என்று அடித்தேன்.
வணக்கம் என்று வந்தது.
நான் எழுதி வைத்த வணக்கம்தான்,
ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
மேக்கணக்கு, ஆறாம் லயம் என்று எத்தனை தெளிவாக எழுதினாலும்
எங்கள் கடிதம் தோட்டத்து ஒபீசில் கிடந்து
வெள்ளிக்கிழமைதான் கைக்கு வரும்,
சிலது பிரித்து.
இந்த முகவரி வாசலைத் தாண்டாது.
கேட்டதும் பதில்.

மூன்று இருபதுக்குக் கரண்ட் போனது.
மின்சார சபையையும் முருகனையும் ஒரே மூச்சில் திட்டிவிட்டு
கம்பளியை இழுத்துக்கொண்டேன்.
தூங்கவில்லை.

நாலே முக்காலுக்கு ஃபிரிஜ் உறுமியது.
சீனி டின்னைத் தேடி வைத்தேன்.
ஒரு கட்டளையும் கொடுக்கவில்லை நான்.
நோட் எழும்பியது. பிறகு ஒன்று, இன்னொன்று,
மெதுவாக மூன்றாவது.
ரீஸ்டார்ட் என்ற பத்தியில் மட்டும்
சைபர் இருந்த இடத்தில் ஒன்று.

சுவரைத் தட்டுகிறான் ஜெபநேசன்.
"சுகந்தினி அக்கா, கரண்டு வந்திருச்சா?
இல்ல ஒங்க வீட்டுக்கு மட்டுமா?"

"எல்லாருக்குந்தான்டா."

சுவிட்சைப் போடும் சத்தம் கேட்டது.
சுவருக்கு மேலே இருந்த இடைவெளியில்
அவன் வீட்டு வெளிச்சம்
என் கீபோர்ட் வரைக்கும் வந்தது.