மங்கல்

பகலில் பல்லுக்குக் கறை போடுகிறவன் நான்.
சிம்மக்கல், மூன்றாம் மாடி, ஏசி ஓடாத லேப்.
சூளையிலிருந்து வரும்போது பீங்கான் பல்
யாருடையதும் இல்லை.
இடுக்கில் ஒரு துளி பழுப்பு விட்டால்தான்
சோறு தின்ற பல்லாகும்.

இரவில் அதே தூரிகை
பேருந்துக்கு.
ஐம்பதில் ஒரு பங்கு, நீளம் ஒரு சாண்.
நாற்பத்தெட்டு இருக்கை ஒட்டியாயிற்று,
பின் படிக்கட்டில் தொங்க ஆளில்லை.
நீலம் அடித்து முடித்த அன்று
ஒரு தடவைகூட பிரேக் பிடிக்காத முகத்தோடு
மேஜையில் நின்றது.

கூரியரில் ஒரு குப்பி வரவழைத்தேன்.
கட்டைவிரல் உயரம், எழுநூற்று இருபது ரூபாய்.
மூடியில்: பாலைவனப் புழுதி.
குளிர்காலச் சேறு, கப்பல் துரு, இஞ்சின் புகை
எல்லாம் இருந்தது பட்டியலில்.
ஆரப்பாளையம் இல்லை.
பூசினேன். ரிவிட் ரிவிட்டாய்ச் சுற்றிக்கொண்டு
அழகாய்த்தான் இறங்கியது.
ஆனால் அது ஒட்டகம் கிளப்பிய புழுதி.
துடைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில்
வண்டி வெளியேறும் வாசல், வேகத்தடை ஓரம்
தீப்பெட்டியோடு குனிந்தேன்.
"என்னத்தண்ணே தொலைச்சீக?" என்றார்
வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்.
"புழுதி."
அவரும் கொஞ்ச நேரம் சேர்ந்து தேடினார்.

பழைய வேட்டியில் மூன்று முறை சலித்தேன்.
முதல் கலவை தண்ணீரில்.
பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட மறந்து
கூரைமேல் முத்து முத்தாய் நின்று
வளையம் வளையமாய்க் காய்ந்தது, டீ கிளாஸ் வைத்த மாதிரி.
இரண்டாவது டர்பன்டைனில்,
கறுப்பு ஒரு பொட்டு சேர்த்து.
அது ஓடியது.
நான் தொட்டது ஜன்னல் கம்பியை,
போய் நின்றது கதவுக் கீலில்.
பள்ளம் இருக்கும் இடம்
என்னைவிட அதற்குத் தெரிந்திருந்தது.

முன்கண்ணாடிக்கு மேலே ஊர்ப்பலகை.
லென்ஸ் வைத்து நான்கு இரவு எழுதியது.
அதற்கு வார்னிஷ் அடித்தேனா இல்லையா என்பது
பஞ்சால் துடைத்தபிறகுதான் ஞாபகம் வந்தது.
திருமங்கலத்தில் திரு போயிற்று.
கடைசி ம் போயிற்று.
மிஞ்சிய ல தலையில்
ஒரு மண்துகள் புள்ளியாக உட்கார்ந்துகொள்ள
பஸ் இப்போது போகிற ஊர்
மங்கல்.

திங்கட்கிழமை மாடியேறி வந்தார் ஒச்சப்பன்,
டவுன் பஸ் டிரைவர், செக்கானூரணி.
மேல்வரிசையில் ஒரு பல், சீட்டில் வெள்ளை என்று இருந்தது.
"பக்கத்துல இருக்கதெல்லாம் வெத்தலை போட்டது.
இது மட்டும் கல்யாணத்துக்குக் கெளம்புன மாதிரி நின்னா?"
காய்கிற நேரத்தில் போனில் பஸ்ஸைக் காட்டினேன்.
விரலால் பெரிதாக்கினார்.
மங்கல் எந்த ரூட் என்று கேட்டார்.
பிறகு,
"படிக்கட்டுப் பக்கம் இம்புட்டுப் புழுதி நிக்காதுங்க.
இடிச்சு, உரசி, தொத்திக்கிட்டே வந்து
சனமே தொடச்சிரும்.
தோள் ஒசரத்துக்கு மேலதான் அழுக்கு."

அன்றிரவு காது குடையும் பஞ்சுக்குச்சியால்
இடப்பக்கம் துடைத்தேன்.
ஒரு தோள் அகலம், ஒரு முழங்கை,
கைப்பிடிக்குக் கீழே ஒரு குழந்தை எட்டும் உயரம்.
துடைக்கத் துடைக்க ஏறிக்கொண்டே இருந்தார்கள்.
பலகையைத் திரும்ப எழுதவில்லை.

புதன்கிழமை ஒச்சப்பன் போன் செய்தார்:
"எது புதுசுன்னு பொஞ்சாதிக்குத் தெரியலை.
எல்லாத்தையும் நல்லா தேய்க்கச் சொல்லுறா."