வெப்பம் தணிக்கும் மணல்

நாரின் நகரச் சந்தையில்
இரும்புக் கொள்கலன்களை இரண்டடுக்காய் ஏற்றிய வரிசை.
கீழடுக்கில் நாற்பத்தேழாம் எண் என் பழுதுக் கடை.
பெர்மெத் பவர் பேங்கை மேசைமேல் வைத்த வேகத்தில்
திருகாணிக் கிண்ணம் ஒருமுறை துள்ளியது.

நல்ல கனம்.
முதுகில் ஐம்பதாயிரம் என்று பொன்னெழுத்து.
ஆயிரத்து நானூறு சோம், இணையத்தில் வாங்கியது.
கோடையில் மேய்ச்சல்வெளிக்கு ஏறும் கால்நடை மருத்துவர் அவள்.
ஐந்து நாள் தாங்கும் என்று நம்பிப் போனவளுக்கு
முதல் இரவே கைபேசி கண்ணை மூடிவிட்டது,
கன்று பாதி வெளிவந்து சிக்கிய ஒரு பசுவின் பக்கத்தில்.
விளக்கென்று அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"பசு?" என்றேன்.
"பிழைத்தது. கன்றைக் கேட்காதே."

விளிம்பில் கத்தியை நுழைத்துத் திருப்பினேன்.
உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் ஒரே ஒரு மின்கலம்,
எந்த மடிக்கணினியின் பிணத்திலிருந்து உருவியதோ.
மிச்ச இடத்தில்
ஒட்டுநாடா சுற்றிய இரண்டு பொட்டலம்
மணல்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டிருக்கிறார்கள்.
இடப்பக்கம் அறுபத்திரண்டு கிராம், வலப்பக்கமும் அறுபத்திரண்டு,
கையில் எடுத்தால் ஒருபக்கமாய்ச் சாயாதபடி.
இவ்வளவு நேர்த்தியை
நான் வாங்கும் நல்ல சரக்கில்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் ஆற்று மணல் சாம்பல் நிறம்.
இது மஞ்சள். தட்டில் கொட்டிக் கிளறியபோது
நகத்துணுக்களவு சிப்பிச் சில்லு ஒன்று.
அவள் பெயருக்கு முத்து என்று பொருள்.
கடலை அவள் பார்த்ததில்லை, நானும்தான்.
இருவரும் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தோம்.

படத்தை விற்பனையாளருக்கு அனுப்பினாள்.
மொழிபெயர்ப்புச் செயலி வழியாக உடனே வந்தது பதில்:
"வணக்கம் அன்பே. தங்கள் மகிழ்ச்சியே எங்கள் உணவு.
அது வெப்பம் தணிக்கும் மணல்."

அப்படியானால் மின்கலம் எதற்கு என்று கேட்டாள்.
"பத்து விழுக்காடு திருப்பித் தருகிறோம் அன்பே."
ஐம்பதாயிரத்தில் எத்தனை பூஜ்ஜியம் பொய் என்று கேட்டாள்.
"இருபத்தைந்து விழுக்காடு. நட்சத்திரத்தைக் குறைக்க வேண்டாம் அன்பே."
ஒற்றை நட்சத்திரத்தின்மேல் அவள் விரல் நின்றதும்
எப்படியோ தெரிந்ததுபோல்
"நாற்பது, அன்பே. அல்லது பொருளைத் திருப்பி அனுப்புங்கள், முழுத்தொகை."
அஞ்சலகத்தில் கேட்டோம். அனுப்ப இரண்டாயிரத்து நூறு.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது இன்னொன்று வந்தது:
"நான் பொட்டலம் கட்டுபவள் இல்லை. தட்டச்சு செய்பவள்.
இன்று மணலைப் பற்றி எழுதிய பதினேழாவது ஆள் நீங்கள்.
தராசில் வைத்துக் காணொளி எடுங்கள்.
எனக்கு அனுப்பாதீர்கள். தளத்துக்கு நேரே அனுப்புங்கள்."
அந்த ஒரு செய்தியில் மட்டும் அன்பே இல்லை.

என் கைபேசியைத் தாங்கியில் நிறுத்தினேன்.
தராசு, பொட்டலம், முகவரிச் சீட்டு, பிளந்த கூடு,
எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள் பெர்மெத்.
பிறகு, எதையோ கணக்குப் பார்த்தவள் போல,
தன் கைபேசியை என் பக்கம் தள்ளினாள்.
"போன குளிர்காலத்தில் இதற்கு பேட்டரி மாற்றினாயே.
அசல் என்றாய்.
இதையும் திற."

என் இழுப்பறையில் ஒரு சுருள் உண்டு.
வெள்ளியாய்ப் பளபளக்கும் வில்லைகள்,
ஒவ்வொன்றிலும் அசல் என்று அச்சிட்டது.
நூறு வில்லை அறுபது சோம்.
அதுவும் இணையத்தில் வாங்கியதுதான்.
குறை சொல்ல முடியாது, நன்றாக ஒட்டும்.

காணொளி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
இருப்பதிலேயே சிறிய திருப்புளியை
மேசை முழுக்கத் தேடினேன்,
கிண்ணத்துக்கு அடியில், தட்டுக்குப் பின்னால்.
அது
என் கையில்தான் இருந்தது.