ஒன்பதாவது வாரம்

பன்னிரண்டு வாரத்துக்கு மூவாயிரத்து அறுநூறு.
முன்பணம். ரசீது கிடையாது.
கோடு போட்ட நோட்டில்
'வேதவல்லி, மணிக்கூண்டு' என்று
பென்சிலால் எழுதிக்கொண்டார் ஞானசிகாமணி.
"வெளையறதுல உங்களுக்கு ஒரு பங்கும்மா."

சனிக்கிழமை தவறாமல் வரும்
மோட்டார் பூட்டாத மீன்பாடி வண்டி.
எட்டு வாரம் குறையில்லை.
சிறுகீரை, முள்ளங்கி, கொத்தவரை,
ஒருமுறை பப்பாளி, அதற்குள் குடியிருந்த எறும்புகளும்.
ஒன்பதாவது வாரப் பையில்
நான்கு எலுமிச்சை
ஒரு கைப்பிடி மணத்தக்காளி.
கவிழ்த்து உதறினேன். மண் விழுந்தது.

கூப்பிட்டுத் திட்டலாம் என்றால்
அவர்களிடம் போன் இல்லை.
அது அவர்கள் சபையின் கட்டளை.
நகை இல்லை, டிவி இல்லை,
காய்ச்சலுக்கு மாத்திரை இல்லை,
வெள்ளையைத் தவிர வேறு துணி இல்லை.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டேன்.
ஷேர் ஆட்டோவில் பதினோரு பேரில் ஒருத்தியாய்
கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பக்கத்தில்
மணலி ரோடு முழுக்க
சண்டையை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

எனக்குப் பங்கு தெரியும்.
கல்மண்டபத்தில் அப்பா விட்டுப்போன
இருநூற்று இருபது சதுர அடியை
மூன்று பேருக்காக டேப் வைத்து அளந்தவள் நான்.
கேஸ் ஏழாவது வருஷம் நடக்கிறது.
காசிமேட்டில் கூறு கட்டுபவள்
பெரிய மீனை மேலே வைத்தால்
அடியில் என்ன இருக்கும் என்றும் தெரியும்.

சடையங்குப்பம் தாண்டி
யார்டு மதிலுக்கும் ஓடைக்கும் நடுவே இரண்டு ஏக்கர்.
ஐந்து நாள் நின்று வடிந்த தண்ணீர்
கத்தரிச் செடிகளின் இடுப்பில்
கறுப்பாய்க் கோடு போட்டிருந்தது.
தொட்டேன்.
விரலில் பிசுக்கு.
சோப்புக்குப் போகாத பிசுக்கு.

எப்சிபா குடிக்கத் தண்ணீர் தந்தாள்.
"லாரித் தண்ணிதான். கெணறு நாறுது."
மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன்.
கேட்கவில்லை.
நோட்டைக் கொண்டுவந்து விரித்தாள்.

முப்பத்தொரு பெயர்.
ஒவ்வொன்றுக்கும் எதிரே
நாலு எலுமிச்சை, கைப்பிடி மணத்தக்காளி.
கடைசியாய் முப்பத்திரண்டாவது வரி:
'நாங்கள். இரண்டு எலுமிச்சை. (வெடித்தது.)'

ஒத்திகை பார்த்ததில்
ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை.
"ராத்திரி விளக்குக்கு என்ன பண்றீங்க?"
சம்பந்தமில்லாமல் கேட்டேன்.
சின்னவள் கெத்சியாள்
மதிலுக்கு மேலே கையைக் காட்டினாள்.
ஆலைப் புகைபோக்கியின் நுனியில்
பகலிலேயே எரிந்துகொண்டிருந்தது நெருப்பு.
"அது அணையறதே இல்லக்கா.
தூங்கறதுக்கு ஜன்னல்ல கோணி கட்டிக்குவோம்."

செத்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான் யோவேல்.
சும்மா நிற்கக் கூச்சமாய் இருந்தது.
நானும் ஒன்றை இழுத்தேன்.
சுலபமாய் வந்துவிட்டது.
அதுதான் கஷ்டமாய் இருந்தது.
வேர்கள் இவ்வளவு சீக்கிரம் விடக்கூடாது.
ஒரு வரிசை முடித்தேன்.
ஆபீஸ் புடவை போச்சு.

பணத்தைத் திருப்பிக் கேட்டேனா?
இல்லை.
பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம்.
கேட்க வேண்டியது ஞாபகம் வந்தபோது
ஷேர் ஆட்டோ எர்ணாவூர் வந்திருந்தது.
கொஞ்சம் கோபமும் மிச்சமிருந்தது.
யார் மேல் என்று தெரியாமல்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை அண்ணன் வந்தான்
வாய்தா தேதி சொல்ல.
எலுமிச்சை சாதம் போட்டேன்.
"போன தடவையும் இதானே?" என்றான்.
இல்லை என்று சொல்லவில்லை.
"இன்னும் ஒரு பழம் இருக்கு.
பாதி எடுத்துட்டுப் போறியா?"

தட்டிலிருந்து நிமிர்ந்து
அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.
பத்திரத்தில் எங்கோ
அவன் கவனிக்காத வரி ஒன்று
இருப்பது போல.